காரைக்குடியில ஒரு நாஸ், மதுரையில ஒரு நாஸ்: ரெப்ளிகேஷன் எப்படி நடக்குது, எப்படி செட் பண்றது

"ரெண்டு நாஸ் வாங்கியாச்சுண்ணே, ஒண்ணுல போடுறது இன்னொண்ணுக்கும் தானா போயிரணும், எப்படி?" காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாண ஸ்டூடியோ வச்சிருக்கவங்க, ஆடிட்டர் ஆபீஸ் நடத்துறவங்க, கானாடுகாத்தான்ல பழைய வீட்டுக் கடுதாசி, கணக்கு ஏடெல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்கிறவங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்குறது இதத்தான். போகும், தானா போகும், இதுக்குப் பேர்தான் ரெப்ளிகேஷன் (நாஸ்னா நெட்வொர்க்ல மாட்டி எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்குற டிஸ்க் பொட்டி). ஆனா எப்ப போகும், எந்த வரிசையில போகும், பாதியில லைன் போச்சுன்னா என்ன ஆகும், நீங்க தெரியாம ஒரு ஃபோல்டர அழிச்சா அந்த அழிப்பும் சேந்து போகுமா, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு செட் பண்ணாதான் ரெண்டாவது பொட்டிக்குப் போட்ட காசுக்கு அர்த்தம் இருக்கு. அதனால மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிட்டு அப்பறம் செட்டப்புக்கு வர்றேன், அவசரப்படாம படிங்க.

ஒண்ண மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். ரெய்டு வேற, ரெப்ளிகேஷன் வேற, பேக்கப் வேற. ஒரே பொட்டிக்குள்ள ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம ஓடுறதுக்கு ரெய்டு. அந்தப் பொட்டியே போச்சுன்னா, இடி விழுந்து போர்டு கருகினாலோ, கடைக்குள்ள தண்ணி வந்தாலோ, எவனாச்சும் தூக்கிட்டுப் போனாலோ, வேற ஊர்ல அதே டேட்டா இருக்கறதுக்கு ரெப்ளிகேஷன். போன மாசம் 12ஆம் தேதி இந்த ஃபைல் எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்னு கேட்டா எடுத்துக் குடுக்குறதுக்கு பேக்கப். இதுல ஒண்ணு இன்னொண்ணோட வேலையச் செய்யாது.

"எழுதிட்டேன்"னு எப்ப சொல்லுது

உங்க எடிட்டர் ஒரு ஃபைல சேவ் பண்றாரு. சாஃப்ட்வேர் ஸ்டோரேஜ்கிட்ட "இத எழுது"ன்னு குடுக்குது, ஸ்டோரேஜ் "எழுதிட்டேன்"னு பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கு, பதில் வந்ததும் அடுத்த வேலைக்குப் போகுது. ரெப்ளிகேஷன்ல உள்ள மொத்த வித்தியாசமும் அந்தப் பதில் எந்த நேரத்துல வருதுங்கறதுலதான் இருக்கு.

சிங்க்ரனஸ்னா இந்தப் பொட்டியிலயும் எழுதி, அந்த ஊர்ப் பொட்டிக்கும் அனுப்பி, அங்கயும் எழுதி முடிச்சு அங்கேருந்து பதில் வந்த பிறகுதான் உங்க சாஃப்ட்வேருக்கு "எழுதிட்டேன்" வரும். அதனால உங்களுக்குப் பதில் வந்த எதுவும் தொலையாது, ரெண்டு எடத்துலயும் இருக்கு. அசிங்க்ரனஸ்னா இங்க எழுதினதும் பதில் வந்துரும், அந்தப் பக்கம் அனுப்புறது பின்னாடி மெதுவா நடக்கும், வேகமா இருக்கும், ஆனா இந்தப் பொட்டி திடீர்னு செத்துச்சுன்னா இன்னும் போய்ச் சேராத பகுதி போச்சு.

நடுவுலயும் படிகள் இருக்கு. லினக்ஸ்ல டிஆர்பிடின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ரெண்டு சர்வரோட டிஸ்க நெட்வொர்க் வழியா பிளாக் பிளாக்கா (டிஸ்க்ல உள்ள சின்னச் சின்னத் துண்டா) ஒண்ணாக்குறது, 2010ல லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே சேந்துருச்சு. அதுல ஏ, பி, சி அப்படின்னு மூணு புரோட்டோகால், அதாவது பதில் சொல்ற முறை. ஏ புரோட்டோகால்னா, இங்க டிஸ்க்ல எழுதியாச்சு, அனுப்புறதுக்கு நெட்வொர்க் பஃபர்ல (அனுப்பக் காத்திருக்கிற எடத்துல) போட்டாச்சு, அவ்வளவுலயே "எழுதிட்டேன்" சொல்லிரும். பி புரோட்டோகால்னா அந்தப் பக்க மெஷினோட மெமரிக்குப் போய்ச் சேந்ததும் சொல்லும். சி புரோட்டோகால்னா அந்தப் பக்க டிஸ்க்லயே எழுதி முடிச்ச பிறகுதான் சொல்லும். இந்த மூணும் தெளிவாப் புரிஞ்சுட்டா எந்தக் கம்பெனி ஸ்டோரேஜோட விளம்பரத்தையும் நீங்க படிச்சு "இது எந்த எடத்துல பதில் சொல்லுது"ன்னு ஒரே கேள்வியில பிடிச்சுரலாம். பெரிய ஸ்டோரேஜ் உலகத்துல இது புதுசும் இல்ல, இஎம்சி கம்பெனி எஸ்ஆர்டிஎஃப்ங்கற பேர்ல ரெண்டு ஸ்டோரேஜுக்கு நடுவுல இத 1994லயே குடுத்துருச்சு.

அப்ப எல்லாரும் சிங்க்ரனஸே போட்டுக்கலாமேன்னு தோணும். தூரம் விடாது. ஃபைபர்ல வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோசெகண்ட் ஆகும். காரைக்குடியிலேருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர், போயிட்டு வர ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்ட். சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல, அதுக்கு 4 மில்லிசெகண்ட். இது ரோடு போற வழியிலயே தனி ஃபைபர் போட்டா வர்ற கணக்கு. உங்க வீட்டு பிராட்பேண்ட் அப்படிப் போகாது, காரைக்குடியிலேருந்து தேவகோட்டைக்கு அனுப்புற டேட்டா கூட ரெண்டு பக்கமும் வேற வேற கம்பெனி லைனா இருந்தா சென்னையச் சுத்திட்டு வரலாம். பிங் (போயிட்டு வர்ற நேரத்தக் காட்டுற கட்டளை) போட்டுப் பாருங்க, 20 மில்லிசெகண்ட் காட்டுச்சுன்னு வைங்க, ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுன்னு எழுதுற சாஃப்ட்வேர் ஒரு செகண்டுக்கு 50 தடவைக்கு மேல எழுத முடியாது. லோக்கல் எஸ்எஸ்டியில ஆயிரக்கணக்குல எழுதிட்டு இருந்தது 50க்கு வந்தா டேட்டாபேஸ் படுத்துரும், பில் போடுறவர் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பாரு. இன்னொண்ணும் இருக்கு, லைன் அறுந்துச்சுன்னா சிங்க்ரனஸ் என்ன பண்ணும்? ஒண்ணு எழுதறதையே நிறுத்தணும், இல்ல "சரி இப்போதைக்கு இங்க மட்டும் எழுதிக்கிறேன்"னு தனியா ஓடணும். ரோடு தோண்டுறவங்க கேபிள வெட்டுற ஊர்ல இது மாசத்துல எத்தனையோ தடவை வர்ற கேள்வி. பேங்க், பங்குச் சந்தை மாதிரி எடங்கள்ல பக்கத்துல ஒரு சைட்டுக்கு சிங்க்ரனஸ், தூரத்து ஊருக்கு அசிங்க்ரனஸ்னு மூணு எடமா வைக்கிறதுக்குக் காரணம் இந்தத் தூரம்தான்.

என் முடிவு நேரடியா சொல்லிடுறேன்: நம்ம பக்கம் ஸ்டூடியோ, ஆபீஸ், ஆவணச் சேகரிப்பு எதுக்கும் ஊர் விட்டு ஊர் சிங்க்ரனஸ் வேணாம். அசிங்க்ரனஸ், அதுவும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைமைய அப்படியே நிறுத்தி வைக்கிறது) வச்சு நடக்குறது, அதுதான் சரி. ஒரே கட்டடத்துக்குள்ள ரெண்டு சர்வர் வச்சு ஒண்ணு நின்னா இன்னொண்ணு உடனே எடுக்கணும்னா மட்டும் சிங்க்ரனஸப் பத்தி யோசிங்க.

எவ்வளவு தொலைஞ்சாத் தாங்குவீங்க

மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி இத எழுதி வைக்கணும். ஆர்பிஓன்னு சொல்லுவாங்க, கடைசியா எவ்வளவு நேரத்து வேலை போனா பரவாயில்லைங்கற அளவு. ஆர்டிஓன்னா திரும்ப வேலை ஓட எவ்வளவு நேரம் ஆகலாம்ங்கற அளவு. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. பர்மாவுல லேவாதேவிக் கடை வச்சிருந்தவங்க அங்க நடக்குற கணக்க ஊருக்கு எழுதி அனுப்பிட்டே இருப்பாங்க, கப்பல்ல வரணும், அதனால ஊர்ல இருக்கிற கணக்கு எப்பவும் அங்க இருக்கிறதுக்குக் கொஞ்சம் பின்னாடிதான் இருக்கும். 1942 மார்ச்சுல ரங்கூன் ஜப்பான்காரங்க கைக்குப் போனப்ப ஊர்ல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சது கடைசியா வந்து சேந்த ஏடு வரைக்கும்தான், அதுக்கு அப்பறம் யாருக்குக் குடுத்தது, யார்கிட்ட வரவேண்டியதுங்கறது அந்தக் கடையோட போச்சு. கடைசிக் கணக்கு வந்த நாளுக்கும் கடை போன நாளுக்கும் நடுவுல உள்ள இடைவெளிதான் ஆர்பிஓ. அசிங்க்ரனஸ்ல இந்த இடைவெளி எப்பவும் இருக்கும், அத எவ்வளவு சின்னதா வைக்கிறோம்ங்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

ஸ்டூடியோன்னா யோசிச்சுப் பாருங்க. மெமரி கார்டுலேருந்து நாஸுக்கு ஏத்துறீங்க, மதுரைக்குப் போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகும்னா அது வரைக்கும் கார்ட அழிக்காம வச்சிருந்தாப் போதும், ஆர்பிஓ ஒரு நாள்னாலும் ஒண்ணும் கொறைஞ்சு போகாது. தாலி கட்டுறத ரெண்டாவது தடவை எடுக்க முடியாதுல்ல, அதனால கார்டு அழிக்கறதுக்கு மட்டும் கண்டிப்பான ரூல் வைங்க. ஆடிட்டர் ஆபீஸுக்கு ஜிஎஸ்டி கெடு நாள்ல ஒரு மணி நேர வேலை போனாலே வலிக்கும், அங்க 15 நிமிஷத்துக்கு ஒருதடவை அனுப்புற மாதிரி வைக்கணும், டேட்டாவும் சின்னதுதான், போயிரும்.

லைன் தாங்குமான்னு கணக்கு

100 எம்பிபிஎஸ் அப்லோடுன்னா ஒரு செகண்டுக்கு 12.5 எம்பி, இது பேப்பர்ல. ஒரு கல்யாணத்துக்கு 150 ஜிபி வருதுன்னா 12,000 செகண்ட், அதாவது 3 மணி 20 நிமிஷம், நடைமுறையில நாலு நாலரை மணி நேரம்னு வச்சுக்கங்க. முகூர்த்த நாள்ல ரெண்டு டீம் போச்சுன்னா ராத்திரி பூரா ஓடி காலையில முடியும். வைகாசியில வரிசையா முகூர்த்தம் வந்து ஒரு நாள் வேலை முடியறதுக்குள்ள அடுத்த நாள் வேலை சேந்துச்சுன்னா பாக்கி ஏறிக்கிட்டே போகும், அத சரி பண்ண லைன் பெருசாகணும் இல்ல அனுப்புறது கொறையணும், வேற வழி கெடையாது. எடிட்டிங்ல தற்காலிகமா உருவாகுற பிராக்ஸி ஃபைல், ரெண்டர் கேஷ் இதெல்லாம் தனி ஷேர்ல (நெட்வொர்க்ல பகிர்ற ஃபோல்டர்ல) போட்டு ரெப்ளிகேட் பண்ணாம விடுங்க, அதெல்லாம் திரும்ப உருவாக்கிக்கலாம். வீடியோவும் ஜேபெக்கும் ஏற்கனவே சுருக்குனதுதான், அனுப்பும்போது கம்ப்ரெஸ் பண்ற ஆப்ஷனப் போட்டு ஒரு பலனும் இருக்காது, பிராசசர்தான் சூடாகும்.

ஏற்கனவே இருக்கிற டேட்டா? 8 டிபி இருந்தா அதே லைன்ல இடைவிடாம ஓடினாக் கூட 7 நாளுக்கு மேல, நடைமுறையில 10 நாள் தாண்டும், பல பிளான்ல மாசத்துக்கு இவ்வளவு ஜிபி தாண்டுனா வேகத்தக் கொறைச்சுருவாங்க, உங்க பிளான்ல அது எவ்வளவுன்னு பாத்துக்கங்க. அதனால முதல் காப்பிய லைன்ல அனுப்பாதீங்க. ரெண்டு நாஸையும் காரைக்குடியில ஒரே ஸ்விட்ச்ல மாட்டி முழுசா காப்பி எடுத்துட்டு, ரெண்டாவத கார்ல நல்லாக் கட்டி வச்சு மதுரைக்குக் கொண்டு போங்க. ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல 8 டிபி போயிரும். அங்க மாட்டினதும் நடுவுல மாறினது மட்டும் லைன்ல போகும். இத சீடிங்னு சொல்லுவாங்க.

மாறினது மட்டும் எப்படிக் கண்டுபிடிக்குது

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்கதான் நெறைய பேர் தப்பான டூல எடுத்துட்டு அப்பறம் லைன் பத்தலன்னு புலம்புறாங்க.

ஒரு வழி ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ்னு ரெண்டு பேர் 1996ல வெளியிட்டது. ரெண்டு பக்கமும் ஃபைல் லிஸ்ட எடுத்து சைஸ், மாறின நேரம் ரெண்டையும் ஒப்பிட்டு, மாறின ஃபைல மட்டும் எடுத்துக்கும். அந்த ஃபைலயும் முழுசா அனுப்பாம, அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஃபைல துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் (அந்தத் துண்டோட அடையாள எண்) போட்டு இங்க அனுப்பும், இங்க உள்ள புது ஃபைல்ல ஒவ்வொரு பைட்டா நகந்து நகந்து அந்தத் துண்டு எங்கயாச்சும் இருக்கான்னு தேடும், இல்லாத பகுதி மட்டும் போகும். அருமையான யோசனை. ஆனா ரெண்டு குறை. லட்சக்கணக்குல போட்டோ இருந்தா ஒவ்வொரு தடவையும் லிஸ்ட் எடுக்கவே நேரம் போகும். அதவிட முக்கியம், நீங்க ஃபோல்டர் பேர மாத்துனா அதுக்குப் புரியாது. கல்யாண ஃபோல்டருக்கு மொதல்ல தேதி மட்டும் போட்டு வச்சிருப்பீங்க, ஆல்பம் முடிஞ்சதும் "டெலிவரி முடிஞ்சது"ன்னு பேர் மாத்துவீங்க, ஆர்சிங்குக்கு அது பழைய ஃபோல்டர் காணாமப் போய் புதுசா 150 ஜிபி வந்த மாதிரிதான் தெரியும், சாதாரண செட்டிங்ல அத்தனையும் திரும்ப லைன்ல போகும்.

இன்னொரு வழி ஸ்னாப்ஷாட். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டம்ல ஒரு பிளாக்க மாத்துனா பழைய பிளாக் மேலயே எழுதாது, புது எடத்துல எழுதிட்டு சுட்டிய மாத்திக்கும். அதனால "இந்த நேரத்துல எல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படியே நிறுத்தி வை"ன்னு ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு செகண்ட் கூட ஆகாது. ஒவ்வொரு பிளாக்கும் எப்பப் பொறந்துச்சுன்னு அதுகிட்டயே குறிப்பு இருக்கு, 10 மணி ஸ்னாப்ஷாட்டுக்கும் 11 மணி ஸ்னாப்ஷாட்டுக்கும் நடுவுல பொறந்த பிளாக் எதெதுன்னு எல்லா ஃபைலையும் புரட்டாமலே எடுத்துரும். ஃபோல்டர் பேர் மாத்தினீங்களா, அந்தப் பேர் இருக்கிற சின்ன பிளாக் மட்டும்தான் மாறியிருக்கும், சில கேபி போனா முடிஞ்சுது. ட்ரூநாஸ்ங்கற நாஸ் சாஃப்ட்வேர் இசட்எஃப்எஸ்ல ஓடுது, சினாலஜி கம்பெனி நாஸ்ல பிடிஆர்எஃப்எஸ் இருக்கிற மாடல்கள்ல ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன்னு ஆப்பே இருக்கு. நாஸ் வாங்கும்போது இந்த ஒண்ணு இருக்கான்னு பாத்து வாங்குங்க, மத்த வசதியெல்லாம் அப்பறம்.

இதுல ஒரு கண்டிஷன்: ரெண்டு பக்கமும் பொதுவா ஒரு ஸ்னாப்ஷாட் இருக்கணும். எடம் பத்தலன்னு காரைக்குடி பக்கம் பழைய ஸ்னாப்ஷாட்டெல்லாம் கையால அழிச்சு, மதுரையில இருக்கிற எதுவும் இங்க இல்லாமப் போச்சுன்னா, மாறினது என்னன்னு கணக்குப் போட ஆரம்பப் புள்ளி கெடையாது. மறுபடி 8 டிபி, மறுபடி கார். ரெப்ளிகேஷன் ஆப் தன் கையில வச்சிருக்கிற ஸ்னாப்ஷாட்டத் தொடாதீங்க.

வரிசையும் முக்கியம். டேட்டாபேஸ் எப்பவும் மொதல்ல "இத மாத்தப் போறேன்"னு லாக்ல எழுதிட்டு அப்பறம்தான் டேட்டாவ மாத்தும், கரண்ட் போனாலும் லாக்கப் பாத்து சரி பண்ணிக்கும். அந்தப் பக்கம் டேட்டா மொதல்ல போய் லாக் பின்னாடி போனா இந்தப் பாதுகாப்பே போச்சு. ஸ்னாப்ஷாட்ல ஒரே நொடியில மொத்தமா எடுக்குறதால வரிசை கெடாது, ஆனா லாக் ஒரு வால்யூம்லயும் (டிஸ்க்ல தனியாப் பிரிச்ச பகுதி) டேட்டா இன்னொரு வால்யூம்லயும் இருந்தா ரெண்டையும் ஒரே குரூப்பா வச்சு ஒரே நேரத்துல ஸ்னாப்ஷாட் எடுக்கணும். ஃபைல் ஃபைலா காப்பி எடுக்குற டூல்ல இந்தப் பேச்சுக்கே எடமில்ல, டேலி தொறந்திருக்கும்போது அந்த டேட்டா ஃபோல்டர ஃபைல் ஃபைலா காப்பி பண்ணா பாதி பழசு பாதி புதுசா போய்ச் சேரும். மதியம் சாப்பாட்டு நேரத்துலயும் ராத்திரி கடை மூடுனதும் டேலிய மூடிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கற மாதிரி டைம் வைங்க, அது சுத்தமான காப்பியா இருக்கும், நடுவுல 15 நிமிஷத்துக்கு எடுக்குறது கரண்ட் போன நேரத்து நிலைமை மாதிரிதான், பெரும்பாலும் தொறக்கும், ஆனா அத மட்டும் நம்பாதீங்க.

செட்டப்

எடம் மொதல்ல. ரெண்டாவது நாஸ அதே வீட்டுல இரண்டாங்கட்டுல வைக்கிறது ரெப்ளிகேஷன் இல்ல. ஒரே ஈபி லைன், ஒரே இடி, ஒரே திருடன். பக்கத்துத் தெரு கூட எனக்குத் திருப்தி இல்ல, மதுரையிலயோ திருச்சியிலயோ சொந்தக்காரங்க வீடு இருந்தா அங்க வைங்க. முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் நீளமா இருக்கிற வீட்டுல அந்தச் செவுத்தத் தாண்டி வைஃபை போகாது, நாஸுக்கு வயர்தான் இழுக்கணும். ஒரு கட்டடத்துலேருந்து இன்னொரு கட்டடத்துக்கு இழுக்கறதா இருந்தா செம்புக் கேபிள் வேணாம், ஃபைபர் போடுங்க, சித்திரையில இடிக்குற இடியில செம்பு வழியா வர்ற மின்சாரம் ரெண்டு பக்கமும் போர்ட எரிச்சுரும், ஃபைபர் கண்ணாடி, அது வழியா வராது. ரெண்டு பக்கமும் யூபிஎஸ், அதோட யூஎஸ்பி ஒயர நாஸ்ல மாட்டி பேட்டரி கொறைஞ்சா தானா ஷட்டவுன் ஆகற மாதிரி செட்டிங்.

அடுத்து ரெண்டையும் இணைக்கிறது. நாஸோட போர்ட்ட (வெளியிலேருந்து உள்ள வர்ற வாசல) ரவுட்டர்ல தொறந்து இன்டர்நெட்ல விடவே கூடாது. 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் அப்படி வெளியில தெரிஞ்ச கியூநாப் கம்பெனி நாஸ்களுக்குள்ள போய் ஃபைலெல்லாம் பூட்டி பிட்காயின் கேட்டுச்சு. விபிஎன் (ரெண்டு எடத்துக்கும் நடுவுல பூட்டுன தனிப் பாதை) போடுங்க, அதுல வயர்கார்டு நல்லா இருக்கு. பல வீட்டு ஃபைபர் கனெக்ஷன்ல உங்களுக்குன்னு தனியா பப்ளிக் ஐபி இருக்காது, ஒரே ஐபிக்குப் பின்னாடி நெறைய வீடு இருக்கும், அப்ப வெளியிலேருந்து உள்ள வர முடியாது. அதுக்கு ஏதாச்சும் ஒரு பக்கம் ஸ்டாட்டிக் ஐபி காசு குடுத்து வாங்கணும், இல்லன்னா டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒண்ணு போட்டா அதுவே வழி கண்டுபிடிச்சு ரெண்டையும் சேத்துரும்.

யார் யாருக்கு அனுப்புறதுங்கறதுல ஒரு முடிவு எடுக்கணும், நான் இதுல பிடிவாதமா சொல்றது: முடிஞ்சா மதுரை நாஸ் காரைக்குடிக்கு வந்து எடுத்துட்டுப் போகணும், காரைக்குடி போய் மதுரையில தள்ளக் கூடாது. ஏன்னா காரைக்குடி நாஸ்ல மதுரையோட பாஸ்வேர்டோ சாவியோ இருந்தா, காரைக்குடிக்குள்ள பூந்த ரான்சம்வேர் அதே சாவிய வச்சு மதுரைக்கும் போய் அங்க உள்ள ஸ்னாப்ஷாட்டையும் அழிச்சுரும். மதுரை வந்து எடுத்தா காரைக்குடிக்கு மதுரையத் தொட உரிமையே கெடையாது. ட்ரூநாஸ்ல புல், அதாவது இழுக்குறதுன்னு இந்த ஆப்ஷன் இருக்கு. உங்க மாடல்ல தள்ளுறது மட்டும்தான் இருக்குன்னா, ஸ்னாப்ஷாட்ட குறிப்பிட்ட நாளுக்கு யாரும், அட்மின் கூட, அழிக்க முடியாம பூட்டுற வசதி இருக்கான்னு பாத்து அதப் போடுங்க. ரெண்டு நாஸுக்கும் அட்மின் பாஸ்வேர்டு வேற வேற.

மதுரை பக்கம் ரீட் ஒன்லி. அங்க யாரும் எதையும் எழுதக் கூடாது, "சும்மா ஒரு ஃபோல்டர் போட்டுக்கிறேன்"னு மாமா கேட்டாலும் அவருக்குத் தனி ஷேர் குடுங்க. அந்தப் பக்கம் ஏதாச்சும் மாறியிருந்தா அடுத்த இன்கிரிமெண்ட் (மாறின பகுதி) சேராது, எரர் காட்டும்.

ஸ்னாப்ஷாட் எத்தனை நாள் வைக்கிறதுன்னு ரெண்டு பக்கமும் தனித்தனியா முடிவு பண்ணுங்க. காரைக்குடியில எடம் இறுக்கமா இருந்தா ரெண்டு வாரம், மதுரையில தினசரி 30, மாசத்துக்கு ஒண்ணுன்னு 12. இங்கதான் நீங்க கவனிக்கணும், அழிச்சதும் ரெப்ளிகேட் ஆகும், ரான்சம்வேர் பூட்டுன ஃபைலும் ஒழுங்கா, வேகமா, தப்பில்லாம மதுரைக்குப் போய்ச் சேரும். உங்களக் காப்பாத்தப் போறது மதுரையில இருக்கிற பழைய ஸ்னாப்ஷாட்தான். ஆல்பம் டெலிவரி ஆகி மாசக்கணக்குல கழிச்சு வந்து "அந்த சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீடியோ இருக்கா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க, அதையும் மனசுல வச்சு நாள் கணக்கப் போடுங்க. இது போக மாசம் ஒருதடவை ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல எடுத்து வயரப் புடுங்கி பீரோவுல வைங்க, எந்த நெட்வொர்க்கும் அதத் தொட முடியாது.

லைன் போகும், கரண்ட் போகும், பாதியில நிக்கும். பாதியில நின்னத விட்ட எடத்துலேருந்து தொடர வசதி இருக்கு, இசட்எஃப்எஸ்ல ரெசியூம் டோக்கன்னு, அது ஆன்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா 150 ஜிபில 140 போனதும் நின்னு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். பகல்ல ஆபீஸ் நேரத்துல ரெப்ளிகேஷனுக்கு வேகம் கட்டுப்படுத்தி 20 எம்பிபிஎஸ் மாதிரி விட்டுட்டு, ராத்திரி 10க்கு மேல முழுசா தொறந்து விடுங்க.

பாத்துட்டே இருக்கணும்

ரெப்ளிகேஷன் சத்தமில்லாம நிக்கும், அதுதான் பயம். 2017 ஜனவரி 31ல கிட்லாப்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனியில நடந்தது எல்லாருக்கும் தெரியணும், அவங்களே வெளிப்படையா எழுதி வச்சாங்க. ரெண்டாவது டேட்டாபேஸுக்குப் போற ரெப்ளிகேஷன் பின்தங்கிருச்சு, அதச் சரி பண்றதுக்காக ரெண்டாவது சர்வர்ல உள்ள பழைய டேட்டாவ அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்க நெனச்ச இன்ஜினியர், ராத்திரி வேலையில, முதல் சர்வர்ல அந்தக் கட்டளையக் குடுத்துட்டார். சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிஞ்சுச்சு. சரி பேக்கப்ப எடுப்போம்னு பாத்தா, கிளவுடுக்குப் போக வேண்டிய பேக்கப் வெர்ஷன் ஒத்துப் போகாம போகவே இல்ல, தோத்துப் போச்சுன்னு சொல்ற மெயிலும் வந்து சேரல. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னாடி வேற காரணத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் ஒண்ணு இருந்ததால தப்பிச்சாங்க, அந்த 6 மணி நேர டேட்டா போச்சு. இதுலேருந்து எடுத்துக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, ரெண்டு நாஸுக்கும் பேர பளிச்சுனு வேற வேறயா வைங்க, நாஸ்1, நாஸ்2ன்னு வைக்காதீங்க, ஊர்ப் பேர வைங்க, அட்மின் ஸ்கிரீன் கலரக் கூட மாத்த முடிஞ்சா மாத்துங்க. ரெண்டு, "தோத்தா மெயில் வரும்"னு இருக்காதீங்க, ஏன்னா நாஸே செத்தா மெயிலும் வராது. தினம் காலையில "நல்லபடியா முடிஞ்சுது, கடைசி ஸ்னாப்ஷாட் இந்த நேரத்துது"ன்னு மதுரை பக்கத்துலேருந்து தகவல் வரணும், வரலன்னா அதுதான் அலாரம். அனுப்புற பக்கம் "அனுப்பிட்டேன்"னு சொல்றத விட வாங்குற பக்கம் "வந்துருச்சு"ன்னு சொல்றதுதான் கணக்கு. ரெண்டு நாஸ்லயும் டைம் சரியா இருக்கணும், என்டிபி (நெட்வொர்க் வழியா டைம தானா சரி பண்றது) ஆன் பண்ணிருங்க.

மாசம் ஒரு ஸ்கிரப் (டேட்டா முழுசையும் படிச்சு சரிபாக்குறது) ரெண்டு பக்கமும் ஓட விடுங்க, டிஸ்க்ல சத்தமில்லாம கெட்ட பிளாக் இருந்தா தெரிஞ்சுரும்.

மூணு மாசத்துக்கு ஒருதடவை மதுரைல உள்ள ஸ்னாப்ஷாட்ட குளோன் (எழுதிப் பாக்கக்கூடிய தனி நகல்) பண்ணி, குளோன்ல இருந்து ஒரு கல்யாண ப்ராஜெக்ட்ட எடிட்டிங் சாஃப்ட்வேர்ல தொறந்து ஓட்டிப் பாருங்க, டேலி கம்பெனியத் தொறந்து டிரையல் பேலன்ஸ் சரியா வருதான்னு பாருங்க. குளோன்ங்கறதால ரெப்ளிகேஷன் பாதிக்காது, பாத்து முடிச்சதும் அழிச்சுரலாம். ஃபோல்டர் சைஸ் ஒண்ணா இருக்குன்னு பாத்துட்டு விடுறது சோதனை இல்ல.

காரைக்குடி போச்சுன்னா, திரும்பி வந்துச்சுன்னா

ஒண்ணு நின்னா இன்னொண்ணு தானா எடுத்துக்கற ஃபெயிலோவர ரெண்டு பொட்டிய மட்டும் வச்சு செய்யாதீங்க. லைன் அறுந்தா மதுரைக்கு "காரைக்குடி செத்துருச்சா, இல்ல லைன்தான் போச்சா"ன்னு தெரியாது. தானா முதலாளி ஆயிருச்சுன்னா ரெண்டு பக்கமும் தனித்தனியா எழுத ஆரம்பிச்சுரும், இதத்தான் ஸ்பிளிட் பிரெயின்னு சொல்லுவாங்க, அப்பறம் ரெண்டையும் சேக்குறது பெரும் பாடு. அதத் தடுக்க மூணாவது ஒரு எடத்துல சாட்சி மாதிரி ஒரு சின்ன மெஷின் வேணும், மூணுல ரெண்டு ஒத்துக்கிட்டாதான் மாறணும். நம்ம அளவுக்கு ஒரு ஆள் போன் பண்ணிக் கேட்டுட்டு கையால மாத்துறதே போதும், பத்து நிமிஷம் கூட ஆனா ஆகட்டும். யார் அந்த முடிவ எடுக்கலாம்னு ரெண்டு பேர் பேர எழுதி நாஸ் மேலயே ஒட்டி வைங்க.

மாத்துறது லேசு: காரைக்குடி நிஜமாவே நின்னுருச்சுன்னு உறுதி பண்ணிட்டு, ரெப்ளிகேஷன் டாஸ்க நிறுத்திட்டு, மதுரையோட கடைசி நல்ல ஸ்னாப்ஷாட் எந்த நேரத்துதுன்னு குறிச்சு வச்சுட்டு, ரீட் ஒன்லிய எடுத்துட்டு, எடிட்டர்களோட ஷேர் பாதைய மதுரைக்கு மாத்தி விடணும். ரான்சம்வேர்னால மாத்துறீங்கன்னா கடைசி ஸ்னாப்ஷாட் வேணாம், பூட்டுறதுக்கு முந்தினது எதுன்னு தேதி பாத்து எடுக்கணும்.

திரும்பி வர்றதுலதான் கவனம் வேணும். காரைக்குடி நாஸ் ரிப்பேர் ஆகி வந்ததும் நெட்வொர்க்ல மாட்டாதீங்க, தள்ளுற மாதிரி செட் பண்ணியிருந்தா பழைய டாஸ்க் தானா ஓடி பழைய டேட்டாவ மதுரை மேல ஏத்தப் பாக்கும். தனியா ஆன் பண்ணி டாஸ்கெல்லாம் நிறுத்துங்க. அப்பறம் ரெண்டுலயும் பொதுவா இருக்கிற கடைசி ஸ்னாப்ஷாட் எதுன்னு பாருங்க. அதுக்கு அப்பறம் காரைக்குடியில எழுதி மதுரைக்குப் போகாமலே நின்னது கொஞ்சம் இருக்கும், அந்தக் கடைசி மணி நேரத்து வேலை, அத மொதல்ல ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க, ஏன்னா அடுத்து பண்ணப்போற ரோல்பேக்ல (பழைய ஸ்னாப்ஷாட் நிலைக்குத் திருப்புறதுல) அது அழிஞ்சுரும். எடுத்தாச்சுன்னா காரைக்குடிய அந்தப் பொது ஸ்னாப்ஷாட்டுக்கு ரோல்பேக் பண்ணி, திசைய மாத்தி மதுரையிலேருந்து காரைக்குடிக்கு ரெப்ளிகேஷன ஓட விடுங்க. மாறினது மட்டும்தான் வரும். ரெண்டும் சமமானதும் ஒரு ராத்திரி எல்லாரையும் வேலைய நிறுத்தச் சொல்லி, கடைசியா ஒருதடவை ஓட்டி, ஷேர் பாதைய காரைக்குடிக்கு மாத்தி, மதுரைய மறுபடி ரீட் ஒன்லி ஆக்கி, பழைய திசையில டாஸ்க ஆன் பண்ணணும். வெளி டிஸ்க்ல எடுத்து வச்ச அந்தக் கடைசி மணி நேரத்த அந்தந்த எடிட்டரையே பக்கத்துல உக்கார வச்சு, எது ஏற்கனவே மதுரையில திரும்பச் செஞ்சாச்சு, எது இன்னும் வேணும்னு ஃபைல் ஃபைலா பாத்து சேருங்க, இத மட்டும் எந்த சாஃப்ட்வேர்கிட்டயும் விடாதீங்க.